அம்மாவுக்கு ஒரு நிமிட மௌனம்

பொன்னாடையின் ஜரிகை கழுத்தை அரிக்கிறது. கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம், வைத்தால் போர்த்தியவர் மனம் நோகும், நோகட்டுமே, போர்த்தும்போதே "உங்க கவிதையெல்லாம் அருமைம்மா" என்று காதோடு சொன்னவர்தானே, நான் ஆயுளில் ஒரு கவிதை எழுதியதில்லை. நான் எழுதியது ஒரே ஒரு புத்தகம், என் சின்ன வயசைப் பற்றி, 'இன்ஜின் இல்லாத பஸ்' என்று பெயர். அதற்குத்தான் பாளையங்கோட்டையில் இந்தச் சின்ன அரங்கத்தில் விமர்சனக் கூட்டம். முதுகுக்குப் பின்னால் ஃபிளெக்ஸில் எஸ்தர் கோமதி என்று கொட்டை எழுத்தில் போட்டு, எனக்கே அடையாளம் தெரியாத வெள்ளை வெளேர் முகம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வழக்கறிஞர் பியூலா பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பிறகு பேராசிரியர் சங்கரநயினார். கடைசியில் நான் ஏற்புரை சொல்ல வேண்டும், அதாவது எல்லாரும் சொன்னதை வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டும். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, வயர்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் அம்மா என்று இந்த அரங்கில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் என்னைப் பார்த்ததும் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, "ஏட்டி, யாருகிட்டயும் சொல்லிராத. நான் உங்கம்மான்னு தெரிஞ்சா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாவ. என்னப் பத்தி என்ன பேசுதாவன்னு நான் கேக்கணும்" என்றாள். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எழுபது தாண்டியும் அவளுக்கு ஒளிந்திருந்து கேட்பதில்தான் ருசி.

பியூலா நன்றாகப் பேசுகிறார், அதுதான் தொந்தரவே. படித்துவிட்டு வந்திருக்கிறார், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. "ஓடாத பஸ் ஒன்ன வாங்கி, டிராக்டர் வச்சு இழுத்துட்டுப் போய் பொட்டக் காட்டுல நிறுத்தி, அதுக்குள்ள ரெண்டு பிள்ளைகள வளக்குறது வீரமா தோழர்களே? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதது புரட்சியா?" என்கிறார். தோழர்கள் இல்லை என்று தலையாட்டுகிறார்கள். அம்மாவும் ஆட்டுகிறாள். அப்பா அருமைநாயகம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஊர் சாத்தான்குளம். அம்மா செண்பகவல்லி, கோவில்பட்டியில் கோயிலுக்குப் பின்தெரு. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள், இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது, அதனால் அப்பா கதவே இல்லாத வீடாகப் பார்த்து வாங்கினார் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை பியூலா வாசித்துக் காட்டி, "அழகான வரி, ஆபத்தான வரி" என்கிறார். அழகு, ஆபத்து என்றெல்லாம் அவர் மேலே மேலே போகிறார், எனக்கு வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாடை அடிக்கிறது. தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் தோல் உரிவது மாதிரி சத்தம் வரும். எட்டயபுரம் ரோட்டோரம், உடைமரங்களுக்கு நடுவில், பஸ்ஸின் நெற்றியில் கழுகுமலை என்ற பலகை அப்படியே இருந்தது, அதைக் கழற்ற அப்பாவுக்கு மனசு வரவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் துண்டை உதறிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். "கழுகுமல போகுமா தாயி?" "போகும், ஒக்காருங்க." அம்மா அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், வெயில் தாழும்வரை பாட்டுப் பாடிக் காட்டினாள், அவர் இறங்கும்போது நல்ல பஸ்ஸு என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். இதில் குற்றம் எந்தப் பிரிவில் வரும் என்று பியூலாவைக் கேட்க வேண்டும். ஆனால் அவரிடம் வேறு பக்கங்களும் இருக்கின்றன. முயல் வளர்த்துப் பணக்காரர் ஆகப் போன அப்பாவின் முயல்களையே மாதம் முழுக்கத் தின்ற பக்கம். அம்மா பின்சீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தால் எழுந்திருக்கவே மாட்டாள், அந்தப் பக்கம். அவள் எங்களை அடித்த பக்கம். அவர் சொல்வது பொய் இல்லை. பொய் இல்லை என்பதால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாவம் அந்தப் பிள்ளைகள் என்கிறார். இதோ, வந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. புத்தகம் வந்த நாளிலிருந்து ஃபோன் எடுத்தால் பாவம், ஃபேஸ்புக்கைத் திறந்தால் பாவம். ஒரு ரிட்டயர்டு அதிகாரி காலையிலேயே கூப்பிட்டு, "ராத்திரி பூரா அழுதேம்மா, நீங்க எப்படித் தப்பிச்சீங்க?" என்று கேட்டார், நான் அப்போது இட்லி தின்றுகொண்டிருந்தேன், தப்பித்துத்தான் தின்கிறேன் சார் என்றேன். இன்னொரு பெண், "எங்கம்மா இட்லி மட்டும்தாங்க சுட்டாங்க, உங்க சின்ன வயசு எனக்குக் கெடைக்கலயேன்னு பொறாமையா இருக்கு" என்று எழுதினாள், சிரங்கு வந்து இரண்டு கையும் வேப்பிலையில் கட்டிக் கிடந்த வருஷத்தை அவளுக்கு பார்சல் அனுப்பலாம் என்று தோன்றியது. பெற்றவளை இப்படி ஊரறிய எழுதலாமா என்று ஒரு கூட்டம். இன்னும் கடுமையாக எழுதியிருக்க வேண்டும், கோழைத்தனம் என்று ஒரு கூட்டம். இதெல்லாம் நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று மூன்றாவதாக ஒரு கூட்டம், ஒருவர் பஸ்ஸின் நீள அகலம் கேட்டார். எல்லாக் கூட்டமும் ஒன்றுசேர்ந்து அழுதது நாய்க்குத்தான். எங்கள் நாய்க்கு டிரைவர் என்று பெயர், ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் படுக்கும், அது செத்த பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பதாக ஒரு கல்லூரிப் பையன் சொன்னான். டிரைவர் சாகிற அதே அத்தியாயத்தில் எனக்கு டைபாய்டு. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் ஒன்றும் நாயோடு போட்டி போடவில்லை, கொஞ்சம் போடுகிறேன்தான். இவர்களுக்கெல்லாம் ஒரு தீர்ப்பு வேண்டும். அம்மா நல்லவளா கெட்டவளா, நீ மன்னித்தாயா மன்னிக்கவில்லையா. அவள் மத்தியானச் சோற்றுக்கு கண்டக்டர் விசிலை ஊதுவாள், ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் ஓடி வா, நாங்கள் ஓடி வருவோம், சில நாள் சோறு இருக்கும், சில நாள் விசில் மட்டும்தான் இருக்கும், அப்போதும் அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள், நாங்களும் சிரிப்போம், பசியோடு சிரிப்போம். இதற்கு என்ன தீர்ப்புச் சொல்ல? சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாததை உங்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்?

"அந்த மூணு நாளுக்கு வருவோம்" என்கிறார் பியூலா. வருவார் என்று தெரியும், எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அப்பா சோப்பு மெஷின் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். தம்பி வேலுவுக்குக் காய்ச்சல். அம்மா காலையில் தலை சீவினாள், செருப்பை மாட்டினாள், படியில் இறங்கி நடந்தாள். ரேஷன் கடைக்கு என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் கஞ்சி வைத்தேன், கஞ்சி அடிப்பிடித்தது, வேலு வாந்தி எடுத்தான், நான் ஸ்டீயரிங் பக்கம் ஏறி நின்று இரண்டு விசில் ஊதினேன், திரும்பத் திரும்ப இரண்டு விசில், உதடு வீங்கும்வரை ஊதினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு கையில் காராசேவுப் பொட்டலமும் ஒரு கையில் பிளாஸ்டிக் ஏரோபிளேனுமாக அம்மா படியேறி வந்தாள். எங்கே போனேன் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை. புத்தகத்தில் அப்படியே எழுதிவிட்டேன், போனாள், வந்தாள் என்று. வாசகர்கள் கேட்கிறார்கள். ஃபோனில் கேட்கிறார்கள், மதுரையில் ஒரு பெண் மைக்கைப் பிடுங்கிக் கேட்டாள், ஒருவர் அதற்கு விடை இல்லாததால் புத்தகம் முழுமை பெறவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். உங்களுக்கு எதற்கு என்று எல்லாரிடமும் சண்டை போட்டிருக்கிறேன், அது எங்கள் வீட்டு விஷயம் என்று கத்தியிருக்கிறேன், இன்ஜின் இல்லாத வீடானாலும் வீடுதானே. கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குத்தான் தூக்கம் வராது. நான் கேட்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. பயம். எங்களைப் பிடிக்காமல் போனேன் என்று அவள் சொல்லிவிட்டால்? திரும்பி வருவதாகவே இல்லை, பஸ் கிடைக்கவில்லை, அதனால் வந்தேன் என்று சொல்லிவிட்டால்? அவள் சொல்லக்கூடியவள்தான், அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது. பியூலா முடிக்கிறார், "இன்னைக்கு இது நடந்திருந்தா அந்தத் தாயை நானே கோர்ட்டுல நிறுத்தியிருப்பேன்." கைதட்டல். அம்மாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். அவளும் கைதட்டுகிறாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

பேராசிரியர் சங்கரநயினார் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், ஊதிப் பார்க்கிறார், இவர் புத்தகத்தை முன்னுரையோடு மூடிவைத்தவர் என்பது இரண்டாவது வாக்கியத்தில் தெரிகிறது. முன்னுரை, பிறகு சமர்ப்பணம், பிறகு ஒரே தாவாகக் கடைசிப் பக்கம். சமர்ப்பணத்தில் 'அம்மாவுக்கும் அந்தப் பஸ்ஸுக்கும்' என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பஸ்ஸைப் பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டையும் அவர் கூட்டிப் போட்டுவிட்டார் போலிருக்கிறது, பஸ் போனால் அம்மாவும் போயிருக்க வேண்டும். குரல் தழுதழுக்கிறது. "அந்தத் தாய் எத்தனையோ தவறுகள் செய்திருக்கலாம். பியூலா அம்மையார் சொன்னதுபோல் சட்டம் அவரை மன்னிக்காமல் போகலாம். ஆனால் மரணம் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறது. இன்று அவர் நம்மிடையே இல்லை. இந்த மகளைத் தமிழுக்குத் தந்துவிட்டுப் போன அந்த ஆத்மாவுக்காக, அவையோர் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்த வேண்டுகிறேன்." நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன. எழுந்துவிட்டார்கள். எல்லாரும், பியூலா, பொன்னாடைக்காரர், டீக் கொண்டுவந்தவர்கூட டிரேயோடு அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது வரிசையில் வயர்கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவும் நிற்கிறாள்.

நான் எழுந்திருக்கவில்லை. கால் தானாகவே எழப் பார்த்தது, கூட்டம் எழுந்தால் எழுகிற பழக்கம், நான்தான் நாற்காலியின் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். முன்வரிசைப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், துக்கத்தில் எழ முடியவில்லை என்று நினைத்துவிட்டாள், பாவம் என்று உதடு அசைகிறது. அம்மா ஒரு கண்ணைத் திறக்கிறாள். மோவாயால் சைகை காட்டுகிறாள், எந்திரிட்டி. மாட்டேன். மோவாயை இன்னொரு தரம் வெட்டுகிறாள். மாட்டேன். உனக்கு இது வேடிக்கையாக இருக்கிறதா? கழுகுமலைப் பெரியவருக்குக் காப்பி கொடுத்த மாதிரி இவர்களுக்கும் ஒரு நிமிடம் கொடுக்கிறாயா? எனக்கு வேடிக்கை இல்லை. எவ்வளவு நிம்மதியாக நிற்கிறார்கள் பார், இத்தனை நேரம் கோர்ட்டு, சட்டம் என்று கொதித்த முகங்களில் இப்போது எவ்வளவு சாந்தம். நீ செத்துப்போனது இவர்களுக்கு வசதியாக இருக்கிறது. செத்தவளை மன்னிக்கலாம், செத்தவள் பதில் சொல்ல மாட்டாள், இன்னொரு தரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப மாட்டாள். எனக்கும் வசதிதான். பொய் சொல்லவில்லை, ஒரு நொடி எனக்கும் அப்படித் தோன்றியது. நீ இல்லையென்றால் அந்தக் கேள்வியை நான் கேட்கவே வேண்டாம், கேட்க ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு காலம் முழுக்க வருத்தமாக, அழகாக, இன்னும் இரண்டு புத்தகம் எழுதலாம். அந்த ஒரு நொடிக்காக எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது, வெறுப்பு அப்படியே கோபமாகிறது, கோபம் எனக்குப் பழக்கப்பட்டது, அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும். அம்மா கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். இப்போது சைகை இல்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறெதையாவதா என்று இங்கிருந்து தெரியவில்லை. தனக்கான அஞ்சலிக்குத் தானே நிற்பவளுக்கு உள்ளே என்ன ஓடும்? நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். செய்தால் என்ன. அவள் எனக்குச் செய்த சத்தியத்தில் எத்தனையைக் காப்பாற்றினாள்?

"நன்றி, அமருங்கள்" என்று பேராசிரியர் சொல்வதற்குள் நான் மைக்குக்குப் போய்விட்டேன். பொன்னாடை எங்கோ நழுவி விழுந்தது. "எங்கம்மா சாகல" என்றேன். குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை. "ஐயா முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவுல கொஞ்சம் வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எங்கப்பாதான் செத்தாரு. எங்கம்மா இருக்கா. மூணாவது வரிசைல இருக்கா." ஒருவரும் உட்காரவில்லை, நின்றவாக்கில் எல்லாத் தலைகளும் திரும்பின, திரும்பியவை ஓரத்தில் நின்ற ஒரு மெலிந்த, கண்கலங்கிய அம்மாளைப் போய்ப் பார்த்தன. அந்த அம்மாள் பதறிப்போய், "நான் இல்லங்க, நான் டீச்சரு" என்றார். அதற்குள் என் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வந்துவிட்டாள். மேடைப் படியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியத்த மீறிட்டல்லா" என்றாள். ஆமா என்றேன். அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள், மைக் முன்னால் வாழ்நாளெல்லாம் நின்றவள் மாதிரி.

"எல்லாரும் ஒக்காருங்க, கால் வலிக்கும்" என்றாள். உட்கார்ந்தார்கள். "நான் செத்தா சொல்லி அனுப்புதேன். இப்ப நிக்க வேண்டாம்." யாரோ சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "இவ எழுதினத நானும் படிச்சேன். ஒண்ணும் பொய்யில்ல. ஆனா பாதிதான் இருக்கு. மீதி இத விட மோசம்." பியூலா பக்கம் திரும்பினாள். "நீங்க நல்லாப் பேசினீய. கோர்ட்டுக்கு வரச் சொன்னா வாரேன். ஆனா அந்தப் பஸ்ஸுல நாங்க சந்தோசமாவும் இருந்தோம். அதுக்கு எத்தன வருசம் போடுவீய?" பியூலா மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டார். "கேக்கணும்னு இருக்கவங்க கேளுங்க. எங்கிட்டயே கேளுங்க. இவளப் போட்டு ஏன் படுத்துதிய?"

காத்திருந்தாள். நானும் கூட்டத்தைப் பார்த்தேன். இத்தனை மாதம் ஃபோனில், கடிதத்தில், மேடையில் எத்தனை கேள்விகள், இங்கேயே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள், வாயைத் திறந்து கேளுங்களேன். ஒரு கை எழவில்லை. பேராசிரியர் தண்ணீர் குடித்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது, இவர்களுக்கு வேண்டியது என் அம்மா இல்லை, அம்மாவைப் பற்றிய பேச்சுதான் என்று இப்போது எல்லார் முன்னாலும் நிரூபணமாகிவிட்டது என்று குதூகலமாக இருந்தது, அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷம் கேட்காமல் இருக்கிறவர்களின் வரிசையில் முதல் ஆள் நான். பயம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். மேடையில் அவளுக்கு அரை அடி தள்ளி நின்றுகொண்டு, பள்ளிக்கூடமே போகாதவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னட்டி?"

"எம்மா, அந்த மூணு நாளு நீ எங்க போயிருந்த?"

அரங்கம் முழுக்க முன்னால் சாய்ந்தது. செல்ஃபோன்கள் உயர்ந்தன. அம்மா மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், "இத எப்படி அமத்தணும்?" என்று பேராசிரியரிடம் கேட்டாள், அவர் காட்டிய பொத்தானை அமுக்கினாள். கூடையைக் கீழே வைத்தாள். என் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதில் வாயை வைத்துச் சொன்னாள். வெற்றிலை வாடை, மூச்சுச் சூடு. இத்தனை வருஷத்தில் நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன், வேறொரு ஆண், தண்டவாளம், ஆஸ்பத்திரி, திறக்காத பிறந்த வீட்டுக் கதவு. அதில் எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், அது எப்போது அழுகையாயிற்று என்று தெரியவில்லை, அவளும் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று கத்தினார். "மைக்குல சொல்லுங்கம்மா, இங்க ஒண்ணும் கேக்கல!"

அம்மா என் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். மைக் இல்லாமலேயே அவள் குரல் கடைசிச் சுவர்வரை போனது.

"ஒங்களுக்குச் சொல்லலய்யா."